வைப்புமுறையும் பள்ளிக் கணக்கும்: எண்சுவடி முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரு வரலாற்று நோக்கு

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தனர். கல்வெட்டையோ காப்பியத்தையோ எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்டது பள்ளிக் கணக்கு. கவிஞர் கூடும் அவையில் கணக்குக்கு என்ன வேலை என வினவும் அன்பர்களுக்கு முதற்கண் விடை கூறிவிடுகிறேன்.

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஓர் அதிகாரத்தைத் தொடங்கும்போது, அது முன்னதன்பின் வைக்கப்பட்டதற்குக் காரணம் கூறிச் செல்வார். அதிகார முறைமை என நாம் வகுப்பறையில் நடத்துவது அதனையே. எதன்பின் எதனை வைப்பது, ஏன் வைப்பது என்பது இலக்கியம் பயின்றோர் நன்கறிந்த வினா. ஆறாம் வகுப்புக்கு எது, எட்டாம் வகுப்புக்கு எது, பத்தாம் வகுப்புக்கு எது எனக் கணக்கை ஆண்டுதோறும் பகுத்து நிரல்படுத்துவோர் முன் நிற்பதும் இதே வினாதான். வேறுபாடு ஒன்றுண்டு. குறளில் ஓர் அதிகாரம் விளங்காமற் போனாலும் அடுத்த அதிகாரத்தைப் படித்துச் சுவைக்கலாம். கணக்கில் ஒரு படி தவறிய பிள்ளைக்கு அடுத்த படியில் கால் வைப்பது அரிது. ஆதலின் கணக்கின் வைப்புமுறை, எது கற்பிக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்வதில்லை. யார் மேலே செல்வர், யார் நின்றுவிடுவர் என்பதையும் உடன் முடிவு செய்துவிடுகிறது. இம்முடிவு தமிழ்நாட்டில் கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வாறெல்லாம் எடுக்கப்பட்டது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்ணையின் வைப்பு

திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற ஒன்று இல்லை. ஆண்டுத் தேர்வும் இல்லை. இருந்தது சுவடிகளின் வரிசை. மணலில் விரல் பிடித்து எழுதத் தொடங்கிய பிள்ளை மொழிப் பக்கத்தில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நிகண்டு என ஏறினான். கணக்குப் பக்கத்தில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என ஏறினான்.

பொன்னிலக்கம் என்பது எண்களின் பெயரையும் குறியையும் அறிவது. இன்றைய பிள்ளை ஒன்று, இரண்டு எனத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்தே பின்னத்தைச் சந்திக்கிறது. திண்ணைப் பிள்ளையோ முந்திரியோடு கணக்கில் நுழைந்தான். முந்திரி என்பது 1/320. இரண்டு முந்திரி அரைக்காணி, 1/160. இரண்டு அரைக்காணி ஒரு காணி, 1/80. இரண்டு காணி அரைமா, 1/40. இரண்டு அரைமா ஒரு மா, 1/20. ஐந்து மா சேர்ந்தால் கால். மாவும் காணியும் கூடினால் மாகாணி. 1/20உம் 1/80உம் கூடி 1/16 ஆகும் கூட்டல் அச்சொல்லின் உள்ளேயே கிடக்கிறது. இலக்கணம் பயின்றோர் இதனை உம்மைத்தொகை என்பர். பிள்ளைக்கு அது சொல்லாகவும் இருந்தது, கணக்காகவும் இருந்தது.

நெல்லிலக்கம் முகத்தல் அளவைகளின் பாடம். ஐந்து செவிடு ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு உழக்கு. இரண்டு உழக்கு உரி. இரண்டு உரி நாழி. எட்டு நாழி குறுணி. இரண்டு குறுணி பதக்கு. இரண்டு பதக்கு தூணி. மூன்று தூணி கலம். ஒரு கலத்துக்கு 96 நாழி என்பதைத் தாளில் எழுதிப் பார்க்காமலே அவன் அறிவான். எண்சுவடி, முழு எண்ணுக்கும் பின்னத்துக்குமான பெருக்கல் வாய்பாடு. குழிமாற்று, நிலத்தின் நீள அகலங்களைப் பெருக்கிக் குழி காணும் பயிற்சி.

இவ்வைப்புக்கான காரணம் வெளிப்படை. பொன், நெல், நிலம் என்ற மூன்றும் ஊர்ப் பொருளாதாரத்தின் மூன்று தூண்கள். அவற்றை அளந்து கணக்கெழுத வல்ல ஒருவனை உருவாக்குவதே அப்பள்ளியின் நோக்கம். மேற்பாடமாகக் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இருந்தன. காரிநாயனார் பெயரால் வழங்கும் அந்நூல் கணக்கைச் செய்யுளில் சொல்வது. பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சூழ்ந்த முள்ளை எண்ணிச் சுளைத்தொகை கூறும் வழி அதில் உண்டு. கணக்கும் கவிதையும் ஒரே ஓலையில் கிடந்த காலம் அது.

திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறினான். முன்னேறியவன் சட்டாம்பிள்ளையாகிப் பின்வந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிக் கற்கும் முறையை இங்குக் கண்டு மேற்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்தில் வளர்த்து 1797இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

எனினும் பழமையைப் போற்றும் ஆர்வத்தில் நாம் குறையை மறைத்தல் ஆகாது. திண்ணை நினைவாற்றலை வளர்த்தது. ஏன் என்னும் வினாவுக்கு அது தந்த இடம் சிறிது. அதனினும் பெரிய குறை மற்றொன்று. 1822இல் ஆளுநர் தாமஸ் மன்றோ எடுப்பித்த கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர். தரம்பால் 1983இல் பதிப்பித்த ஆவணங்களால் இத்தொகைகள் பலரும் அறிந்தவை ஆயின. ஊர்கள் கல்வியற்றுக் கிடக்கவில்லை என்பதற்கு இவை சான்று. ஆனால் அம்மாணவருள் பெண்கள் மிகச் சிலரே. அந்த நெல்லை விளைவித்த கூலி உழவரின் பிள்ளைகளும் பெரும்பாலும் திண்ணைக்கு வெளியிலேயே நின்றனர். நெல்லிலக்கம் நெல்லை அளப்பவனுக்கு இருந்தது. நாற்று நட்டவளின் பிள்ளைக்கு இல்லை. திண்ணைக் கணக்கைச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட செந்தில் பாபு போன்றோரின் உழைப்பு, இக்கல்வியின் நுட்பத்தையும் எல்லையையும் ஒருங்கே காண நமக்கு உதவுகிறது.

ஏணி வந்த கதை

1854இல் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இவற்றின்பின் பள்ளிக் கணக்கின் வைப்பு தலைகீழாயிற்று. இதுகாறும் கீழிருந்து, ஊரின் தேவையிலிருந்து எழுந்த வரிசை, இனி மேலிருந்து இறங்கலாயிற்று. பல்கலைக்கழகம் மெட்ரிக்குலேசன் தேர்வுக்கு எதனைக் கேட்டதோ, அதற்கு ஏற்ப உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பு அமைந்தது. அதற்கு ஏற்ப அதன் கீழ்வகுப்பு அமைந்தது. எண்கணிதம், பின் இயற்கணிதம், பின் யூக்ளிடின் வடிவ கணிதம் என்ற ஏணி நாட்டப்பட்டது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்காகவே செய்யப்பட்டது. ஏணியின் மொழி ஆங்கிலம்.

இந்த ஏணியைத் தமிழில் நாட்ட முயன்றோரும் இருந்தனர். பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை இயங்கிய செமினரியில் மேலைக் கணிதமும் வானியலும் பயிற்றப்பட்டன. அங்குக் கற்ற கறல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்ற பெயரில் இயற்கணித நூல் ஒன்றைத் தமிழில் வெளியிட்டார். அவரும் சி. வை. தாமோதரம் பிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்பதை நம் வட்டத்தார் நினைவிற் கொள்ளுதல் தகும். தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஒரே மண்ணிலிருந்து வந்து ஒரே ஏணியில் முதலில் ஏறிய இருவருள் ஒருவர் சங்கப் பாட்டை அச்சேற்றினார். மற்றவர் இயற்கணிதத்தைத் தமிழாக்கியிருந்தார். முன்னவரை நாம் கொண்டாடுகிறோம். பின்னவரின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம்?

ஏணியின் இயல்பை உணர்த்த மற்றொருவரின் வாழ்வு போதும். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன், பள்ளி மாணவராயிருந்த 1903இல் கார் என்பார் தொகுத்த கணித நூலொன்றைப் பெற்றார். ஆயிரக்கணக்கான முடிபுகளைப் பெரும்பாலும் விரிவான நிறுவலின்றி நிரல்படுத்திய நூல் அது. நம் மரபில் சொன்னால், உரையில்லாத நூற்பாத் தொகுதி. அந்நூற்பாக்களுக்கு அவர் தாமே உரை காணத் தொடங்கினார். பிறகு தாமே நூற்பாச் செய்யலானார். ஆனால் ஏணிக்கு அது பொருட்டன்று. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர் ஆங்கிலத்தில் தவறி அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. ஒரு பாடத்தில் தவறினாலும் முழுத் தேர்விலும் தவறியவரே என்பது அன்றைய விதி. வைப்புமுறை, தான் பயிற்றிய கணிதத்தில் உலகின் முன்னணிக்கு வரவிருந்த ஒருவரையே கீழே நிறுத்தியது. அவர் வேறு வழியால் மேலேறினார். அவ்வழி கிட்டாமல் நின்றவர்களின் பெயர்களை வரலாறு எழுதிவைக்கவில்லை.

சொல் என்னும் வாயில்

1911ஆம் ஆண்டளவில் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளியிறுதி என்பது பல்கலைக்கழக வாயில் மட்டுமன்று, அதுவே ஒரு நிறைவு என்னும் எண்ணம் மெல்லத் தோன்றலாயிற்று. எனினும் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. தமிழில் நடத்துவதாயின் சொற்கள் வேண்டும்.

இங்கேதான் தமிழறிஞர் கணக்குப் பாடத்துக்குள் நுழைந்தனர். 1916இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முன்னின்று அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகள். அறிவியற் பட்டம் பெற்றுப் பள்ளியில் பயிற்றிய அனுபவமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே வாய்ந்தவர் அவர். 1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் மொழியல்லாத பாடங்களைத் தாய்மொழியில் நடத்தும் நிலை உருவாயிற்று. 1940இல் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அரசு அமைத்த கலைச்சொற் குழு வடசொற்கள் பக்கம் சாய்ந்தது. தமிழறிஞர்கள் கிளர்ந்தெழுந்தனர், குழுவில் தமிழ்ப் புலவரும் சேர்க்கப்பட்டனர். க்ஷேத்திரகணிதம் வடிவகணிதமாகி, இன்று வடிவியலாகியிருப்பதன் பின்னே இத்தகைய போராட்டம் இருக்கிறது.

இப்போராட்டத்தின் விளைவு கவிஞர் மகிழத்தக்கது. இன்றைய கணிதப் பாடநூலைத் திறந்தால் யாப்பும் அணியும் இலக்கணமும் அங்கே குடியிருக்கக் காண்கிறோம். எண்ணும் குறியும் சேர்ந்த தொடர், கோவை. அதன் பகுதிகள் உறுப்புகள். பல உறுப்புகள் கூடியது பல்லுறுப்புக் கோவை. கட்டங்களில் எண்களை வரிசையாக நிறுத்துவது அணி. எண்ணைத் தன்னாலேயே பெருக்கிச் செல்வது அடுக்கு. அதனை மறித்துக் காண்பது மடக்கை. பின்னத்தின் மேலுள்ளது தொகுதி, கீழுள்ளது பகுதி. தமிழ்நாட்டுப் பாடநூல் கணம் என்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல் தொடை என்று வழங்குகிறது. மோனை, எதுகை, இயைபு என நாம் எண்ணும் தொடை அங்கே கணிதத்தின் அடிப்படைக் கருத்தொன்றுக்குப் பெயராயிற்று. ஒத்த இயல்புடையனவற்றைத் தொடுத்து ஒன்றாகக் காண்பது என்னும் அளவில் அப்பெயர் மிகவும் பொருந்தும். இச்சொற்களை ஆக்கியோர் அனைவரும் இலக்கணத்தை எண்ணியே ஆக்கினர் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் மொழி தன் கருவூலத்திலிருந்தே கொடுத்திருக்கிறது.

சொல் வந்ததால் வாயில் திறந்தது. வாயிலுக்கு உள்ளே வழி எங்ஙனம் இருந்தது?

கவைத்த வழி

ஏணியில் எல்லாரும் ஏற இயலாது என்பதைக் கல்வித்துறை முன்பே உணர்ந்திருந்தது. அதற்கு அது கண்ட தீர்வு, வழியைக் கவைக்கச் செய்தல். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலத்தில், உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் கணக்கு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று பொதுக் கணக்கு. வாழ்க்கைக்குப் போதுமானது எனக் கருதப்பட்டது. மற்றொன்று காம்போசிட் கணக்கு; மேற்படிப்புக்குரியது. புகுமுக வகுப்பில் கணிதப் பிரிவில் சேர விரும்புவோர்க்கு இரண்டாவதே வழி.

கட்டுரையாளர் தம் குடும்பச் செய்தி ஒன்றை ஈண்டுக் கூறுவதைப் பொறுத்தருள வேண்டும். என் தாயார் 1960களின் பிற்பகுதியில் சிற்றூரிலிருந்து நடந்து சென்று ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். எட்டாம் வகுப்பு வரை கணக்கில் அவரே முதல் மாணவி. வழி பிரியும் இடம் வந்தபோது அப்பள்ளியில் காம்போசிட் கணக்கு நடத்தப்படவில்லை. அதற்கு ஆசிரியர் இல்லை என்றனர். பெண் பிள்ளைகளுக்குப் பொதுக் கணக்கே போதும் என்றும் கூறினர். எவரும் கடிந்து பேசவில்லை. விண்ணப்பத்தில் ஏற்கெனவே பொதுக் கணக்கு என்று எழுதப்பட்டிருந்தது, தாத்தா கையொப்பமிட்டார். 1969இல் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். அதன்பின் கணக்கு அவருக்கு வீட்டுச் செலவுக் குறிப்பேடாகவும் சீட்டுக் கணக்காகவும் நின்றது. "கணக்கு எனக்கு வராது என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கணக்கு என்னிடம் வரவே இல்லை" என்று பிற்காலத்தில் ஒருமுறை சொன்னார்.

ஒரு பதினான்கு வயதுச் சிறுமியின் எதிர்காலத்தை ஒரு விண்ணப்பத்தின் ஒரு கட்டம் முடிவு செய்தது. அக்கட்டத்தை வரைந்தவர் தீங்கு நினைத்தவர் அல்லர். எல்லாருக்கும் எல்லாக் கணக்கும் ஏறாது. ஏறாததைச் சுமத்துதல் கொடுமை. ஆகவே இரு வழி அமைப்போம் என்று இரக்கத்தோடுதான் எண்ணியிருப்பர். ஆனால் இரு வழிகளுள் எது யாருக்கு என்பதை அறிவு மட்டும் பிரிக்கவில்லை. ஊரும் பாலும் வறுமையும் பள்ளியின் ஆசிரியர் பட்டியலும் சேர்ந்தே பிரித்தன. வைப்புமுறையின் அறம் இங்குதான் சோதனைக்கு உள்ளாகிறது.

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் கல்விக்குழு இதற்கு மறுமொழி தந்தது. முதற் பத்தாண்டுப் பள்ளிக் கல்வியில் அறிவியலும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது. பத்தும் இரண்டும் மூன்றும் என்ற அமைப்பையும் அது பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. பத்தாம் வகுப்பு வரை ஒரே கணக்கு, பிரிவது அதன்பின். அம்மாவுக்குக் கிட்டாத பாடம் எனக்கு எவரையும் கேளாமலே கிட்டியது இதனால்தான்.

உயரமும் அகலமும்

ஆனால் அனைவருக்கும் ஒரே கணக்கு என்றபோது, எந்தக் கணக்கு என்ற வினா எழுந்தது. எல்லாருக்குமாகப் புதிதாக ஒன்றை வகுத்திருக்கலாம். நடந்ததோ, சிலருக்காகச் செய்த ஏணியையே எல்லாருக்கும் நீட்டியது.

அக்காலத்தே உலகளவில் வேறொரு காற்றும் வீசியது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்கா தன் பள்ளிக் கணிதத்தைத் திருத்தத் தலைப்பட்டது. கணங்களைத் தொடக்கத்திலேயே கற்பிக்கும் புதுக் கணிதம் பரவியது. அறிஞர் கணிதத்தைக் கட்டிய வரிசையிலேயே பிள்ளையும் கற்க வேண்டும் என்பது அதன் உட்கோள். கட்டடம் எழுப்புவோர் அடித்தளத்திலிருந்து தொடங்குவது உண்மைதான். ஆனால் வீட்டைக் காண வரும் பிள்ளை வாசல் வழியாக வரும். அடித்தளத்தின் வழியாக வராது. 1970களில் அமெரிக்காவிலேயே அவ்வியக்கம் தளர்ந்தது. எனினும் கணம் நம் பாடநூல்களிலும் இடம் பெற்று நிலைத்தது.

2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின்போது, கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. இராமானுஜம் தலைவராயிருந்தார். அக்குழுவின் ஆவணம், பள்ளிக் கணிதத்தின் முதல் நோயாக அச்சத்தையும் தோல்வியுணர்வையும் குறித்தது. திறனுள்ள சிலரையும் பங்கேற்கவியலாத பலரையும் இப்பாடத்திட்டம் ஒருங்கே ஏமாற்றுகிறது என்றது. நம் வினாவுக்கு நேரான ஒன்றையும் அது கூறியது. பள்ளிக் கணிதம் உயரமாகவும் மெலிந்தும் நிற்கிறது. ஒவ்வொரு பாடமும் முன்னதன் தலைமேல் ஏறி நிற்பதால் ஒன்று நழுவினால் மேலுள்ளவை அனைத்தும் நழுவுகின்றன. அதனை அகன்றதாகவும் பல வாயில்கள் உடையதாகவும் ஆக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பின்னத்தில் தவறிய பிள்ளை வடிவியலில் நுழையலாம். அங்கும் தயங்கினால் தகவல்களைத் தொகுத்து வரைபடமாக்கும் பாடத்தில் நுழையலாம். ஏணிக்கு மாற்றாகப் பல வாயில்கள் உள்ள மண்டபம் என அதனைச் சுருங்கச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் அந்நாளில் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக்குலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு திட்டங்கள் இருந்தன. பெற்றோர் கட்டிய கட்டணத்துக்கு ஏற்பப் பிள்ளையின் கணக்கும் மாறியது. 2010ஆம் ஆண்டுச் சமச்சீர்க் கல்விச் சட்டமும், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பத்தாம் வகுப்பு வரை அவற்றை ஒன்றாக்கின. 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் பாடநூல்கள் மீண்டும் புதுக்கி எழுதப்பட்டன.

அந்நூல்களில் இயற்கணிதம் பரந்திருக்கும் முறையை மட்டும் சான்றாகக் காண்போம். ஆறாம் வகுப்பில் மாறி அறிமுகமாகிறது. பெயர் தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை நிறுத்தலாம் என்பதே அங்குப் பாடம். ஏழாம் வகுப்பில் கோவைகளைக் கூட்டுவதும் கழிப்பதும். எட்டாம் வகுப்பில் அவற்றைப் பெருக்குவதும் காரணிப்படுத்துவதும் வரைபடத்தில் கோடாகக் காண்பதும். ஒன்பதாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவையும் மீதித் தேற்றமும். பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடும் அணிகளும். அதே மாறி ஐந்தாண்டுகளில் ஐந்துமுறை திரும்பி வருகிறது. வரும்போதெல்லாம் வேறொரு பொருள் தாங்கி வருகிறது. 1960இல் அமெரிக்க உளவியலறிஞர் புரூனர் சுருள்முறை எனப் பெயரிட்டு விளக்கியது இத்தகைய வைப்பையே.

தொல்காப்பியத்தில் ஒரு சான்று

சுருள்முறை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தை எழுத்து, சொல், பொருள் என்ற மூன்று படிகளாகக் கண்டு, எழுத்து முடிந்தபின் சொல், சொல் முடிந்தபின் பொருள் என்று ஏணியாகவே விளக்கி வருகிறோம். உண்மையில் அது ஏணியன்று. எழுத்ததிகாரத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என வரையறுக்கப்பட்ட மாத்திரை, நூலின் கடைப்பகுதியில் செய்யுளியலில் மீண்டும் வருகிறது. செய்யுளின் 34 உறுப்புகளைத் தொகுக்கும் அவ்வியல் மாத்திரையையே முதலில் நிறுத்துகிறது. முதலில் அது ஒலியின் அளவு. இறுதியில் அது பாட்டின் உயிர். இடையே கற்றவை எல்லாம் அதன் பொருளை மாற்றிவிட்டன. எழுத்ததிகாரத்தில் மாத்திரை விளங்காமற் போன மாணவனுக்குச் செய்யுளியல் மற்றுமொரு வாயில் திறக்கிறது. கணக்கின் வைப்பும் இவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே நான் இதிலிருந்து பெறும் பாடம்.

ஆனால் தொல்காப்பியம் நமக்கு நூற்பாவாக மட்டும் வந்து சேரவில்லை. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் உடன் வந்தனர். இது முன்வைத்தது என்னை, இது பின்வைத்தது என்னை என்று கேட்டு விடை கூறும் உரைமரபு உடன் வந்தது. பள்ளிக் கணக்குக்கு இல்லாதது இதுவே. நூற்பா ஆண்டுதோறும் அச்சாகிறது. பயிற்சி வினாக்கள் பெருகுகின்றன. வழிகாட்டி நூல்கள் கடைகளில் குவிகின்றன. இப்பாடம் இவ்வகுப்பில் ஏன், சென்ற ஆண்டுப் பாடம் இதற்கு என்ன செய்தது, வரும் ஆண்டு இது எங்கே செல்லும் என்று பிள்ளைக்கு எடுத்துரைப்பார் அரியர். காரணம் அறியாதவனுக்கு வைப்பு வெறும் விதியாகிவிடுகிறது. காரணம் அறிந்தவனோ ஒரு படி தவறினும், எங்கே திரும்பிச் சென்று எதனை எடுத்து வரவேண்டும் என்பதை அறிவான்.

நிறைவாக

1995இல் நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது, மாலை வேளைகளில் அம்மா என் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வார். எனக்குத் துணையாக அமர்கிறார் என்றே எண்ணியிருந்தேன். ஒரு நாள் இருபடிச் சமன்பாடு ஒன்றை என் நோட்டின் பின்பக்கத்தில் அவர் போட்டு முடித்திருந்ததைக் கண்டேன். விடை சரியாயிருந்தது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அவரிடம் வராமற்போன கணக்கு, மகளின் புத்தகத்தில் ஏறி வந்திருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இதைப் போடத் தெரிந்துகொண்டேன். இது எதற்குப் பிறகு வருகிறது? எதற்காக வருகிறது?"

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் கேட்டேன். தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவாக வரும் என்ற விடை கிடைத்தது. நான் கணக்கை விட்டுத் தமிழுக்கு வந்தேன். அம்மா கேட்டது பரிமேலழகர் கேட்ட வினா என்பது, முனைவர் பட்ட ஆய்வுக்காக உரைகளில் மூழ்கியிருந்த காலத்தில்தான் எனக்கு விளங்கியது.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் நூல்களுக்கு உரை கேட்டு வருகிறோம், நாமும் உரைக்கிறோம். அடுத்த பத்தாண்டில், மாதக் கூட்டங்கள் சிலவற்றிலேனும் பள்ளிக் கணிதப் பாடநூல் ஒன்றை அவையில் வைத்துப் படிப்போமாக. கணக்காசிரியர்களை அழைத்து அமர்த்திக் கேட்போமாக. ஒவ்வோர் இயலின் தலையிலும் வைக்கத் தக்கதாய், இவ்வியல் இங்கு வைக்கப்பட்டதன் காரணத்தை ஒரு பக்கத்தில், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் தமிழில் எழுதிப் பார்ப்போமாக. கோவையும் அணியும் அடுக்கும் மடக்கையும் நம் வீட்டுச் சொற்கள். அவை வாழும் நூலை நாம் இதுவரை திறந்து பார்க்காதது நம் குறை. அத்தகைய முதற் பக்கத்தை இருபடிச் சமன்பாட்டுக்கு எழுதும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கேட்டவருக்கு இன்னும் விடை சொல்லவில்லை.